முடிவுத் தேதி எப்போது? ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதினைந்து உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். பயங்கரவாதத்தை எப்படி ஒழிப்பது என்று உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. அதற்கு ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். பயங்கரவாதத்தின் பெயரில் நீங்கள் கொடுத்த அதிகாரங்கள் எப்போது முடியும்?

2001 செப்டம்பர் 28 இரவு உங்கள் கவுன்சில் கூடியது. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. இடிபாடுகளில் புகை அடங்கவில்லை. சில நிமிடங்களில் கூட்டம் முடிந்தது. பதினைந்து நாடுகளும் கை தூக்க, 1373ஆம் தீர்மானம் நிறைவேறியது. பயங்கரவாதத்துக்குப் பணம் தருவதை எல்லா நாடுகளும் குற்றமாக்க வேண்டும், சொத்துகளை முடக்க வேண்டும், யாருக்கும் அடைக்கலம் தரக்கூடாது, செய்ததையெல்லாம் 90 நாளுக்குள் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். வழக்கமாக இதற்கெல்லாம் நாடுகள் உட்கார்ந்து பேசி, உடன்படிக்கை எழுதி, அவரவர் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொள்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அன்றைக்கு ஒரே இரவில் முடிந்தது. அந்த வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஏறக்குறைய 3,000 பேர் செத்துக் கிடந்த நேரம் அது. ஆனால் அந்தத் தீர்மானத்தில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப்போயின. எது பயங்கரவாதம் என்ற வரையறை ஒன்று. எதுவரை இது செல்லும் என்ற தேதி இன்னொன்று.

வரையறைச் சண்டை பழைய சண்டை. பொதுச்சபையில் 1996இல் இந்தியா முன்வைத்த உடன்படிக்கை வரைவு இன்னும் கிடப்பில்தான் இருக்கிறது. அதற்குள் போனால் இந்த மடல் முடியாது. தேதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மருந்துச் சீட்டில்கூட எத்தனை நாளைக்கு என்று எழுதித்தான் கொடுப்பார்கள். உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. 2000 டிசம்பரில், தாலிபான் மீதும் பின்லேடன் மீதும் தடைகளைக் கூட்டி 1333ஆம் தீர்மானத்தை எழுதியபோது, தடைகளுக்கு 12 மாத ஆயுள் என்று நீங்களே குறித்தீர்கள். 12 மாதம் கழித்துப் பார்த்து, வேண்டுமானால் நீட்டிக்கலாம் என்பது ஏற்பாடு. 2002 ஜனவரியில் 1390ஆம் தீர்மானம் வந்ததும் நிலைமை தலைகீழானது. 12 மாதம் கழித்து மறுபரிசீலனை உண்டு. ஆனால் அப்போது இரண்டே வழி, தடையை அப்படியே தொடர விடலாம் அல்லது இன்னும் மெருகேற்றலாம். நிறுத்துவது என்ற மூன்றாவது வழி எழுதப்படவே இல்லை. ஆகவே நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் உங்களிடம் இருந்ததைத்தான் திரும்பக் கேட்கிறேன்.

தலைநகரங்களும் உங்களைப் பார்த்தோ பார்க்காமலோ அதே வழியில் போயின. அமெரிக்க நாடாளுமன்றம் 2001 செப்டம்பர் 14 அன்று அதிபருக்குப் படை அதிகாரம் கொடுத்தது. மேலவையில் எதிர்ப்பே இல்லை. கீழவையில் எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு, கலிஃபோர்னியாவின் பார்பரா லீயுடையது. செப்டம்பர் 11 தாக்குதலைச் செய்தவர்கள், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் என்றுதான் அந்தச் சட்டம் சொல்லியது. ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற அமைப்பு அன்றைக்கு இல்லவே இல்லை. ஆனாலும் சிரியாவில் அதன் மீது குண்டு போட்டபோது காட்டிய சட்டம் அதுதான். சோமாலியாவிலும் ஏமனிலும்கூட அதே சட்டம்தான் துணைக்கு வந்தது.

இந்தியாவில் 1985இல் வந்த தடா சட்டத்துக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருந்தது. நீட்டித்து நீட்டித்து 1995இல் காலாவதியானது. 2002இல் பொடா வந்தது, 2004இல் ரத்தானது. நல்லது என்று நினைப்பதற்குள், அதன் முக்கியப் பிரிவுகள் பல 1967ஆம் ஆண்டின் யுஏபிஏ என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறிவிட்டன. அந்தச் சட்டத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. இலங்கை இன்னும் ஒரு படி மேலே போனது. 1979இல் மூன்று ஆண்டுக்கென்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. 1982இல் அந்த மூன்றாண்டு வரம்பைத் தூக்கிவிட்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. வெறும் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்களுக்கு அந்தத் தற்காலிகத்தின் நீளம் தெரியும்.

சரி, தேதி இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து இன்னும் இருக்கிறது, அதனால் அதிகாரமும் இருக்கிறது என்பீர்கள். தேதி இருந்தால் அதிகாரம் போய்விடும் என்பதல்ல என் வாதம். தேதி வரும்போது யாராவது எழுந்து நின்று கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்குதான் இருபத்தைந்து ஆண்டாக எங்களுக்கு வரவில்லை.

ஒரு மாமாவையும் மருமகனையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருமகன் ராம்சி யூசுஃப். 1993இல் அதே உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வைத்தவர். ஆறு பேர் செத்தார்கள். 1995இல் இஸ்லாமாபாத்தில் பிடிபட்டார். நியூயார்க்கின் சாதாரண நீதிமன்றத்தில், சாதாரண நடுவர்குழு முன்னால் வழக்கு நடந்தது. 1998 ஜனவரியில் தண்டனை வந்தது: ஆயுளும் அதற்கு மேல் 240 ஆண்டும். கதை அதோடு முடிந்தது. மாமா காலித் ஷேக் முகமது. செப்டம்பர் 11 திட்டத்தை வகுத்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர். 2003 மார்ச்சில் ராவல்பிண்டியில் பிடிபட்டார். அவரை ரகசியச் சிறைகளுக்குக் கொண்டுபோய், தண்ணீரால் மூச்சுத்திணற வைக்கும் சித்திரவதையை 183 முறை செய்தார்கள். 2006இல் கியூபாவிலுள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவுக்கு மாற்றினார்கள். 2012இல் ராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தினார்கள். சித்திரவதையில் வாங்கிய பேச்சை எந்த அளவுக்குச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதத்திலேயே ஆண்டுகள் கரைந்தன. 2024 ஜூலையில் ஓர் ஒப்பந்தம் எட்டியது: குற்றத்தை ஒப்புக்கொள்வார், மரண தண்டனை இருக்காது. இரண்டே நாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது செல்லாது என்றது. உலகத்தின் மிகப் பெரிய பயங்கரவாத வழக்கில் தீர்ப்பைப் பார்க்காமலேயே இறந்துபோன பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள்? மருமகனுக்குப் போதுமானதாக இருந்த நீதிமன்றம் மாமாவுக்கு ஏன் போதாமல் போனது என்று எந்தக் கூட்டத்திலாவது கேட்டீர்களா?

சாதாரண நீதிமன்றம் பெரிய தாக்குதல்களைத் தாங்காது என்பதும் உண்மையல்ல. 2015 நவம்பரில் பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். 2021 செப்டம்பரில் தொடங்கிய வழக்கு 2022 ஜூனில் முடிந்தது. உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் வீட்டாரும் நூற்றுக்கணக்கில் வந்து, வாரக்கணக்கில் பேசினார்கள். நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். நார்வேயில் 2011இல் 77 பேரைக் கொன்றவனுக்கு அடுத்த ஆண்டே தண்டனை வந்துவிட்டது.

சித்திரவதைக் கணக்கில் இன்னொரு வரவும் உண்டு. அது உங்கள் அறைக்குள்ளேயே வந்தது. 2001 கடைசியில் பிடிபட்ட இப்னு அல்ஷேக் அல்லிபி என்பவரை எகிப்திடம் ஒப்படைத்தார்கள். அங்கே அடி தாங்காமல், சதாமின் இராக் அல்காய்தாவுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்று சொல்லிவைத்தார். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் உங்கள் மேசை முன் உட்கார்ந்து, பெயர் சொல்லாமல் அந்தக் கதையை ஆதாரமாக எடுத்து வைத்தார். அடுத்த மாதம் போர். அதற்கு அடுத்த ஆண்டு அல்லிபி சொன்னதை மாற்றிச் சொன்னார். அதற்குள் இராக்கின் ராணுவம் ஒரே உத்தரவில் கலைக்கப்பட்டு, ஆயுதம் பழகிய பல லட்சம் பேர் சம்பளமில்லாமல் தெருவில் நின்றார்கள். அவர்களில் சில அதிகாரிகள் பின்னாளில் ஐஎஸ் படையில் திட்டம் வகுப்பவர்களாக இருந்தார்கள். ஐஎஸ்ஸின் தலைவரான அபூபக்கர் அல்பக்தாதி 2004இல் அமெரிக்கக் காவலில், இராக்கின் புக்கா முகாமில் இருந்தவர். பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்று தொடங்கியது, 2014இல் இராக்கின் மொசூல் நகரத்தையே பயங்கரவாதிகள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது. எல்லாப் பழியும் ஒரு பொய் வாக்குமூலத்தின் மேல் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொய்யைப் பற்றி உங்கள் கவுன்சில் தன் பங்குக்கு ஒரு விசாரணையாவது வைத்திருக்கலாம்.

இன்னொரு சம்பவம். 2021 ஆகஸ்ட் 29, காபூல். விமான நிலையத்தில் மூன்று நாள் முன்பு நடந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்கப் படையினரும் ஏராளமான ஆப்கானியர்களும் இறந்திருந்தார்கள். அடுத்த குண்டு வருகிறது என்ற பதற்றத்தில், ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலா காரை ட்ரோன் கேமரா நாள் முழுக்கப் பின்தொடர்ந்தது. ஓட்டியவர் ஓர் உதவி நிறுவனத்தின் ஊழியர். காரில் அவர் ஏற்றிய தண்ணீர் கேன்கள் திரையில் வெடிபொருளாகத் தெரிந்தன. வீட்டு முற்றத்துக்குள் கார் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஏவுகணை அப்போதுதான் விழுந்தது. பத்து பேர் இறந்தார்கள். ஏழு பேர் குழந்தைகள். முதலில், நியாயமான தாக்குதல் என்றார்கள். பத்திரிகையாளர்கள் தெருத்தெருவாக விசாரித்து உண்மையை எழுதிய பிறகு, செப்டம்பர் 17 அன்று, தவறு நடந்துவிட்டது என்றார்கள். யார் மீதும் நடவடிக்கை இல்லை. அந்த நகரத்தில் நிருபர்களும் கேமராக்களும் இருந்தன. நிருபரே போக முடியாத ஏமன் மலைக் கிராமத்திலோ சோமாலியாவின் புதர்க்காட்டிலோ இதே தவறு நடந்தால், இறந்தவர்கள் அறிக்கையில் ‘சந்தேகத்துக்குரிய தீவிரவாதிகள்’ என்று ஒரு வரியில் அடங்கிவிடுவார்கள்.

தற்காப்புக்காக அடித்தோம் என்று ஒரு நாடு சொன்னால், சாசனத்தின் 51ஆம் பிரிவின்படி உடனே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கிறார்கள். 2014 செப்டம்பரில் சிரியாவுக்குள் அடித்தபோது அமெரிக்கா கடிதம் கொடுத்தது. அதன்பின் வேறு நாடுகளின் கடிதங்களும் வரிசையாக வந்தன. கடிதத்துக்கு எண் போடுகிறீர்கள், சுற்றுக்கு விடுகிறீர்கள். அதற்கு அப்புறம்? பெரும்பாலும் அவ்வளவுதான். அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது: கவுன்சில் தேவையான நடவடிக்கை எடுக்கும்வரைதான் தற்காப்பு உரிமை. 1945இல் எழுதியவர்கள் முடிவை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதை எடுத்துப் பார்ப்பதே இல்லை.

அல்காய்தாவோடு தொடர்புடையவர்கள் என்று சொத்துகளை முடக்கும் உங்கள் தடைப் பட்டியலுக்கு வருகிறேன். சோமாலியாவின் மிகப் பெரிய பணப்பரிமாற்ற நிறுவனமான அல்பரகாத் 2001 நவம்பரில் பட்டியலில் ஏறியது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் குழாயை அது ஒரே நாளில் மூடியது. பின்னாளில் செப்டம்பர் 11 ஆணையத்தின் ஆய்வாளர்கள் பார்த்தபோது, அல்காய்தாவுக்கு அங்கிருந்து பணம் போனதற்கு உறுதியான சான்று இல்லை. சவூதி தொழிலதிபர் யாசின் காதி 2001 அக்டோபரில் ஏறினார். தன் மீது என்ன ஆதாரம் என்றே அவருக்குச் சொல்லப்படவில்லை. 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் இது அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்து உங்களைத் தலைகுனிய வைத்தது. அதன்பிறகுதான், 2009 டிசம்பரில், மனு வாங்குவதற்கு ஒரு குறைதீர்ப்பாளர் பதவியை உருவாக்கினீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அல்காய்தா, ஐஎஸ் பட்டியலுக்கு மட்டும்.

மறுபக்கம், அரசியல் தேவை வந்தால் பட்டியல் எவ்வளவு வேகமாக இளகுகிறது என்றும் பார்த்தோம். ஒரு காலத்தில் சிரியாவில் அல்காய்தாவின் கிளையை நடத்திய அகமது அல்ஷராவின் தலைக்கு அமெரிக்கா ஒரு கோடி டாலர் வைத்திருந்தது. 2024 டிசம்பரில் அவர் டமாஸ்கஸைப் பிடித்த சில நாளிலேயே அந்தப் பரிசை எடுத்துவிட்டார்கள். 2025 நவம்பரில் நீங்களும் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினீர்கள். பதினான்கு நாடுகள் ஆதரவு, சீனா மட்டும் ஒதுங்கிக்கொண்டது. சிரியா தலைதூக்க அது தேவைப்பட்டிருக்கலாம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் அவருக்காக உங்களால் ஒரே வாக்கெடுப்பில் முடிக்க முடிந்ததை, காதி பதினோரு ஆண்டு வழக்காடி வாங்க வேண்டியிருந்தது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இனிமேல்தான். உங்களுக்குத் தேதி குறிக்கத் தெரியாது என்றில்லை. நன்றாகவே தெரியும். 2014இல் சிஞ்சாரில் யசீதி என்ற சிறுபான்மை மக்களுக்குச் செய்தது உட்பட, இராக்கில் ஐஎஸ் செய்த கொடுமைகளுக்குச் சான்று திரட்ட, 2017இல் ஒரு புலனாய்வுக் குழுவை அமைத்தீர்கள். யுனிடாட் என்று பெயர். புதைகுழிகளைத் தோண்டினார்கள், சாட்சிகளைப் பதிவு செய்தார்கள், ஐஎஸ் வைத்திருந்த கோப்புகளைச் சேகரித்தார்கள். அதற்கு மட்டும் காலக்கெடு இருந்தது. இராக் அரசு கேட்டுக்கொண்டபடி, 2024 செப்டம்பரில் மூடிவிட்டீர்கள். அதேபோல 2022 டிசம்பரில், தடைகள் எதுவும் உணவையும் மருந்தையும் தடுக்கக் கூடாது என்று 2664ஆம் தீர்மானம் போட்டீர்கள். மிக நல்ல தீர்மானம். ஆனால் அல்காய்தா, ஐஎஸ் தடைகளைப் பொறுத்தவரை அந்த விலக்குக்கு இரண்டே ஆண்டு என்று எழுதினீர்கள். தொண்டு நிறுவனங்கள் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, 2024 டிசம்பரில்தான் அந்தக் காலக்கெடுவை எடுத்தீர்கள். தடைக்குத் தேதி இல்லை. தடையிலிருந்து பசித்தவனுக்குக் கொடுத்த விலக்குக்கு முதலில் தேதி வைத்தீர்கள். குண்டுக்கு இல்லை, சான்று திரட்டுபவருக்கு உண்டு. இதை எழுதியபோது உங்களில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா?

சான்று எதற்கு உதவும் என்றால், 2021 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பாருங்கள். 2015இல் ஃபலூஜாவில் ஐஎஸ் ஆள் ஒருவன் அடிமையாக வாங்கி வைத்திருந்த ஐந்து வயது யசீதிச் சிறுமியை, தண்டனை என்று கொளுத்தும் வெயிலில் கட்டிப்போட்டான். குழந்தை தாகத்திலேயே இறந்தது. அதே வீட்டில் அடிமையாக இருந்த தாய் ஜெர்மனிக்கு வந்து, நீதிமன்றத்தில் அவன் முகத்துக்கு நேரே நடந்ததைச் சொன்னார். இனப்படுகொலைக் குற்றத்துக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை. ஐஎஸ் உறுப்பினர் ஒருவருக்கு இனப்படுகொலைக் குற்றத்தில் கிடைத்த முதல் தண்டனை அது. மொசூலில் விழுந்த ஆயிரக்கணக்கான குண்டுகளில் ஒன்றாவது அந்தத் தாய்க்கு இதைக் கொடுத்திருக்குமா?

இதற்காகப் படையே வேண்டாம் என்று சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஊரையும் எண்ணெய் வயலையும் பிடித்து வரி வசூலித்த ஐஎஸ்ஸை எந்த நீதிமன்றமும் சம்மன் அனுப்பி வெளியேற்றியிருக்காது. சிரியாவின் குர்து நகரமான கோபானியில் நின்று ஐஎஸ்ஸோடு சண்டை போட்டவர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. என் கேள்வி அடுத்த நாளைப் பற்றியது. சண்டை முடிந்த பிறகு சிரியாவின் அல்ஹோல் முகாமில் 2019இல் 70,000 பேருக்கு மேல் அடைபட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். பெற்றோர் செய்ததற்காகக் குழந்தைகள் முள்வேலிக்குள் வளர்ந்தார்கள். தங்கள் குடிமக்களைத் திரும்ப அழைக்கத் தயங்கிய நாடுகளில், உங்கள் மேசையைச் சுற்றி நிரந்தர இருக்கை வைத்திருப்பவர்களும் உண்டு.

சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களே நன்றாக அறிவீர்கள். 2013இல் பிரெஞ்சுப் படை போனது, பிறகு உங்கள் அமைதிப்படை போனது. 2020க்கும் 2023க்கும் நடுவில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2022 மார்ச்சில் மாலியின் மூரா கிராமத்தில் அந்நாட்டுப் படையும் வெளிநாட்டுப் படையினரும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக உங்கள் மனித உரிமை அலுவலகமே சொல்லியிருக்கிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2017இல் ஆப்பிரிக்காவில் ஆயுதக் குழுக்களில் சேர்ந்தவர்களிடம் பேசியபோது, கடைசியாகத் தங்களைத் தள்ளிவிட்டது அரசின் செயல் என்று 71 விழுக்காட்டினர் சொன்னார்கள்: வீட்டில் ஒருவரைக் கொன்றது, நண்பரைப் பிடித்துப் போனது போன்றவை. இந்த அறிக்கைகளையெல்லாம் உங்கள் அலுவலகங்கள்தான் அச்சடிக்கின்றன. படிப்பது யார் என்று தெரியவில்லை.

காலக்கெடு வைத்தால் வீட்டோ வைத்திருக்கும் ஒரு நாடு நல்ல தடையையும் கவிழ்த்துவிடும் என்பீர்கள். நியாயமான பயம்தான். 2023 ஆகஸ்டில் மாலித் தடைகளை நீட்டிக்க விடாமல் ரஷ்யா வீட்டோ போட்டது. அதோடு அங்கே நடப்பதை எழுதிக்கொண்டிருந்த நிபுணர் குழுவும் போனது. அதனால்தான் இரண்டையும் பிரிக்கச் சொல்கிறேன். அடிக்கும், முடக்கும், அடைக்கும் அதிகாரங்களுக்குத் தேதி வையுங்கள். மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ உங்கள் விருப்பம். உணவு விலக்கில் எடுத்ததுபோல, கண்காணிக்கும், சான்று திரட்டும் ஏற்பாடுகளிலிருந்தும் தேதியை எடுத்துவிடுங்கள். ஒரு கெட்ட தடை விழ, கூடவே ஒரு நல்ல தடையும் விழலாம். விழுந்ததை மறுபடியும் வாதாடி எழுதிக்கொள்ளலாம். பிரிட்டன் பயங்கரவாதச் சட்டங்களைப் பார்க்கவென்றே தனி மறுஆய்வாளரை வைத்து, நாடாளுமன்றத்துக்கு அறிக்கை வாங்குகிறது. 1974இல் பர்மிங்காம் குண்டுவெடிப்பில் 21 பேர் இறந்த சூட்டில் அவசர அவசரமாகச் சட்டம் போட்டு, குற்றமற்ற ஆறு பேரை 1991 வரை சிறையில் வைத்திருந்த நாடு அது. பட்டு அறிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதுபோல ஒருவரை 1373க்கும் நியமியுங்கள். குறைதீர்ப்பாளரிடம் எல்லாத் தடைப் பட்டியல்களையும் ஒப்படையுங்கள். 51ஆம் பிரிவுக் கடிதம் வந்தால் முப்பது நாளுக்குள் திறந்த கூட்டம் வைத்து, அனுப்பிய நாட்டைக் கேள்வி கேளுங்கள்.

மாதம் ஒரு நாடு உங்கள் கவுன்சிலுக்குத் தலைமை ஏற்கிறது. நிகழ்ச்சி நிரலில் ஒரு நாளைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ள அந்தத் தலைமைக்கு வழி இருக்கிறது. அந்த நாளில் 1373ஆம் தீர்மானத்தை மேசையில் வையுங்கள். காபூலின் அந்த வீட்டிலிருந்து ஒருவரையும், செப்டம்பர் 11இல் பிள்ளையைப் பறிகொடுத்து இன்னும் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் ஒருவரையும் பேச அழையுங்கள். அவர்கள் பேசி முடித்ததும், இது எப்போது முடியும் என்று பதினைந்து பேரும் ஒவ்வொருவராகப் பதில் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தீர்மானங்களைத் தொடர்ந்து வாசித்து வரும் ஒரு குடிமகன்